குலுக்கலில் கிடைத்த இடம் வீடு மாறினால் என்ன ஆகிறது?

தனியார் பள்ளிகள் இயக்குநர் அவர்களுக்கும் பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், வணக்கம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தரும் 25 விழுக்காட்டு இலவச இடங்களைப் பற்றி உங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இடம் கிடைக்காதவர்கள் எழுதியவையாக இருக்கும். நான் இடம் கிடைத்தவர்களுக்காக எழுதுகிறேன். குலுக்கலில் பெயர் வந்து, எல்.கே.ஜி.யில் சேர்ந்து, சில ஆண்டுகள் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தபோது குடும்பம் வீடு மாறியதால் அந்த இடத்தைப் பறிகொடுத்த பிள்ளைகளைப் பற்றி இதுவரை உங்கள் அறிவிப்புகள் எதிலும் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை.

தென்சென்னையில் ஒரு சிறிய தெருவில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஏப்ரல் பிறந்தால் அக்கம்பக்கத்துத் தாய்மார்களுக்கு ஆர்.டி.இ. விண்ணப்பம் நிரப்பித் தருவதும் என் வேலையாகிவிடும். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் என்பதற்கான சான்று, ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பதற்கான முகவரிச் சான்று. (வாடகை ஒப்பந்தம் எழுதித் தரச் சம்மதிக்கும் வீட்டுக்காரர் அமைவது, குலுக்கலில் பெயர் வருவதைவிட அரிது. அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.) அப்படிச் சேர்த்துவிட்ட பிள்ளைகளில் சிலர் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ சீருடை மாறி வந்து நிற்பார்கள். கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “வீடு மாறிட்டோம் மிஸ்.”

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் அதன் சொற்களை உங்கள் முன் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, அரசு உதவி பெறாத தனியார் பள்ளி ஒவ்வொன்றும் முதல் வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை அக்கம்பக்கத்தில் வாழும் நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். மழலையர் வகுப்பு நடத்தும் பள்ளியானால் சேர்க்கை அங்கேயே தொடங்க வேண்டும். அந்தப் பிரிவு அத்தோடு நின்றுவிடவில்லை. தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, அந்தக் கல்வியை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. இது பிள்ளைக்கு அளித்த வாக்கு. நடைமுறையில் பள்ளிக் கட்டடத்துக்கு அளித்த வாக்காகச் சுருங்கிவிட்டது.

சுருங்கியதற்குக் காரணம் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பிள்ளை பள்ளி மாற வேண்டி வந்தால் வேறு பள்ளிக்கு மாறும் உரிமை உண்டு என்று தாராளமாகத் தொடங்குகிறது அது. மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும், தாமதித்தால் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை, டி.சி. வரவில்லை என்று சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக்கூடாது என்றெல்லாம் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். நடுவில் மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது: அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு மாறும் உரிமை கிடையாது. கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இந்த விலக்கு ஒரு பொருட்டே இல்லை. அதற்குப் பணம் கதவைத் திறந்துவிடும். குலுக்கலில் வந்த பிள்ளைக்கு மட்டும்தான் இது பூட்டு.

ஏழைக் குடும்பம் எதற்காக வீடு மாறுகிறது? வாடகை ஏறுகிறது, வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், காலி செய்யச் சொல்கிறார், கட்டட வேலை அடுத்த பகுதிக்குப் போகிறது, கணவர் இறந்துபோக, அம்மா தன் தாய்வீட்டுப் பக்கம் போய்விடுகிறார். சொந்த வீடு உள்ளவர்கள் எட்டாம் வகுப்பு வரை ஒரே முகவரியில் இருப்பதை இயல்பாக நினைக்கலாம். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் உள்ள குடும்பம் எல்.கே.ஜி. தொடங்கி பத்து ஆண்டுகள் ஒரே கிலோமீட்டருக்குள் இருக்கும் என்று எதிர்பார்ப்பது, அந்தக் குடும்பங்களைப் பார்த்தே இராதவர்களின் கணக்கு.

இவற்றோடு அரசே வீடு மாற்றும் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றுக் கரையிலிருந்தும் மக்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்துவது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. 2019 டிசம்பரில் தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது கல்வியாண்டின் நடுப்பகுதி. ஒரு துறை குடும்பத்தை நகரின் தென்கோடிக்கு ஏற்றி அனுப்புகிறது. இன்னொரு துறை, ‘ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் இடம், அதுவும் எல்.கே.ஜி.யிலும் ஒன்றாம் வகுப்பிலும்தான்’ என்கிறது. இரண்டு துறைகளின் கோப்புகளிலும் எந்தப் பிழையும் இல்லை. பிள்ளைக்கு மட்டும் பள்ளி இல்லை.

என் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை அப்படிப் போனவள். மூன்றாம் வகுப்பு. அம்மா வீட்டுவேலைக்குப் போகிறவர். புதுக் குடியிருப்பிலிருந்து பழைய பள்ளிக்கு விடியற்காலையில் பஸ் பிடித்து அரையாண்டுத் தேர்வு வரை கூட்டி வந்து பார்த்தார், பிறகு முடியவில்லை. புது இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இடம் இருந்தது, ஆனால் கட்டணம் கட்டினால்தான். கல்வி அலுவலகம் ஒன்றில் விசாரித்தபோது, “ஆர்.டி.இ. என்ட்ரி லெவலுக்கு மட்டும்தான் அம்மா” என்று பண்பாகவே சொன்னார்கள். அந்த அலுவலர் விதியைத்தான் சொன்னார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் விதியின்மேல்தான்.

“பக்கத்தில் அரசுப் பள்ளி இருக்கிறதே, அங்கே சேர வேண்டியதுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பிள்ளை இப்போது அங்கேதான் படிக்கிறாள். நல்ல ஆசிரியை கிடைத்திருக்கிறார். அரசுப் பள்ளியை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. நானே அதில் படித்தவள்தான். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு எப்போதும் விநோதமாகப் படுகிறது. அரசுப் பள்ளியே போதும் என்றால் எல்.கே.ஜி.யில் எதற்குக் குலுக்கல்? ஒரு பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை என்று சொல்லி ஓரிடத்தைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்பில் அது பழகிய பாடநூலும் பயிற்றுமொழியும் தோழிகளும் மாறும்போது, ‘இதுவும் நல்லதுதானே’ என்று ஆறுதல் சொல்வது அரசு செய்கிற வேலையா?

அதைவிடப் பெரிய சிக்கல் கொஞ்சம் மேல் வகுப்புகளில் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் கொண்டுவந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆர்.டி.இ. இடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் அதில் இடமுண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குக் கல்லூரியில் உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் அப்படியே. நல்ல ஏற்பாடு, யோசித்துச் செய்தது. ஆனால் ஏழாம் வகுப்பில் வீடு மாறி ஆர்.டி.இ. இடத்தை இழந்த குடும்பம், ‘படிப்பு கெட்டுவிடக்கூடாது’ என்று கடன் வாங்கி இரண்டு ஆண்டுகள் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பிள்ளை ஆர்.டி.இ. பிள்ளையும் அல்ல, அரசுப் பள்ளிப் பிள்ளையும் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது இரண்டு கதவும் மூடியிருக்கும். அந்த அப்பா கட்டிய கட்டணம், அவர் மகளின் கல்லூரி வாய்ப்பையே பறித்திருக்கும். கட்டும்போது இதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

இனி, நான் கேட்பதைச் சொல்கிறேன். இடம் பிள்ளையோடு போகட்டும்.

ஆர்.டி.இ. பிள்ளை ஒன்று பள்ளியை விட்டுப் போனால் அந்த நாற்காலி காலியாகிறது. அதில் அநேகமாகக் கட்டணம் செலுத்தும் பிள்ளை ஒன்று வந்து அமர்கிறது. நுழைவு வகுப்போடு பள்ளியின் கடமை முடிந்துவிடுவதால் இதைக் கேட்பார் இல்லை. அப்படிக் காலியாகும் இடங்களை வகுப்பு வாரியாக, பள்ளி வாரியாக ஒவ்வொரு மே மாதமும் வெளியிடுங்கள். ஏற்கெனவே ஆர்.டி.இ.யில் படித்துக்கொண்டிருந்து, வீடு மாறிய பிள்ளைகள் அவற்றுக்கு விண்ணப்பிக்கட்டும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கிப் போடுங்கள். எல்.கே.ஜி.க்குச் செய்வதை இரண்டாம் வகுப்பு முதல் எட்டு வரை நீட்டுவதுதான் இது.

செலவு? பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டப்படி பள்ளிக்கு நீங்கள் திருப்பித் தரும் தொகை, அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு அல்லது அந்தப் பள்ளியின் கட்டணம், இவற்றில் எது குறைவோ அது. பழைய பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த தொகை புதிய பள்ளிக்குப் போகும், அவ்வளவுதான். புதிய பள்ளியின் கட்டணம் அதிகமாக இருந்தாலும் உச்சவரம்பு அதேதான். தொகை தாமதமாக வருகிறது என்று பள்ளிகள் குமுறுவது எனக்குத் தெரியும். அந்தக் குமுறல் நியாயமானது, அதை நீங்கள் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் அது இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய தடை அல்லவே.

சட்டத்தின் 5ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது என்று சட்டப்பிரிவு அலுவலர் எழுதி வைப்பார். அதை இன்னொரு முறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தனியார் பள்ளிக்கு மாறுவதை அந்தப் பிரிவு உரிமையாக்கவில்லை. மாநில அரசு தானாக முன்வந்து அந்த வசதியைச் செய்து தருவதைத் தடுக்கவும் இல்லை. 12(1)(சி) பிரிவு ‘குறைந்தது’ 25 விழுக்காடு என்றுதான் சொல்கிறது. விதி வகுக்கும் அதிகாரமும் உங்களிடம் இருக்கிறது.

நடுவில் மாற்றினால் நிர்வாகக் குழப்பம் வரும் என்ற மறுப்பு இனிமேல் எடுபடாது. 2025-26ஆம் கல்வியாண்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒன்றிய அரசு நிதியை நிறுத்தி வைத்ததால் ஏப்ரல், மே மாதங்களில் சேர்க்கையே தொடங்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், நிதி விடுவிக்கப்பட்டு, அக்டோபரில்தான் நடைமுறை தொடங்கியது. அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே கட்டணம் கட்டிச் சேர்ந்திருந்த பிள்ளைகளிலிருந்து தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள். வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரவும் பள்ளிகளுக்கு உத்தரவிட்டீர்கள். கட்டணம் கட்ட வழியில்லாமல் ஆர்.டி.இ. அறிவிப்புக்காகவே காத்திருந்த, சட்டம் முதலில் நினைத்திருக்க வேண்டிய குடும்பங்கள் வெளியே நின்றன. அந்தக் கோபம் எங்கள் தெருவில் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அதிலிருந்து ஓர் உண்மை தெரிந்தது. கல்வியாண்டின் நடுவில், அரைப் பருவம் தாண்டி, கட்டண இடத்தை இலவச இடமாக மாற்ற உங்கள் துறையால் முடியும். அன்று முடிந்தது பெரும்பாக்கத்துப் பிள்ளைக்கு ஏன் முடியாது?

பள்ளி மாறுவதற்கே குலுக்கல் வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2014-15 முதல் ‘மை ஸ்கூல் டிசி’ என்ற பொதுக் குலுக்கல் நடக்கிறது. மூன்று வயது மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்த வகுப்புக்கும் விண்ணப்பிக்கலாம். விருப்ப வரிசைப்படி பன்னிரண்டு பள்ளிகள் வரை எழுதலாம். கணினி ஒரு பிள்ளைக்கு ஓர் இடம் மட்டுமே தரும். அதைவிட மேலாக வரிசைப்படுத்திய பள்ளிகளின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் தொடரும். அண்ணனோ அக்காளோ படிக்கும் பள்ளியில் தம்பி தங்கைக்கு முன்னுரிமை உண்டு. குலுக்கலில் எதுவும் கிடைக்காவிட்டாலும், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிண்டர்கார்டன் முதல் குடியிருக்கும் எல்லைக்குரிய பள்ளியில் இடம் உறுதி. அங்கும் பெயர்பெற்ற பள்ளிகளின் வாசலில் வரிசை நீளம்தான். அந்த வரிசைக்கு எவ்வளவு மதிப்பு என்பது 2018இல் தெரிந்தது. நகரத்தின் பள்ளித் துறைத் தலைவர் ஆன்ட்வான் வில்சன், 600க்கும் மேற்பட்டோர் காத்திருந்த ஒரு பள்ளிக்குத் தன் பிள்ளையைக் குலுக்கலைத் தாண்டி மாற்றிக்கொண்டது வெளியே வந்தது. அதிகாரிகளுக்குச் சலுகை கூடாது என்று அவரே கொண்டுவந்த விதியை அவரே மீறியிருந்தார். அந்தப் பிப்ரவரியிலேயே பதவியை விட்டுப் போனார். பட்டியல் ஒன்று இருந்ததால்தான் யார் யாரை முந்தினார்கள் என்று மக்களால் கேட்க முடிந்தது. நம் ஊரில் இரண்டாம் வகுப்பிலிருந்து பட்டியலே இல்லை. யாரும் யாரையும் முந்தியதாகத் தெரியவே வராது.

வாஷிங்டனிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு குடும்பம் ஐந்து பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம். குலுக்கலோ அந்தந்தப் பள்ளியில், ஒரே நாளில். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் அம்மா எந்தப் பள்ளி வாசலில் நிற்பார்? ஒரு பிள்ளையின் பெயர் இரண்டு பள்ளிகளில் வந்து, இன்னொரு பிள்ளையின் பெயர் எங்குமே வராமல் போவதும் நடக்கிறது. டெல்லியில் ஒரே இடத்தில் கணினிக் குலுக்கல் நடத்துகிறார்கள். மாறுதல் குலுக்கலைப் புதிதாகத் தொடங்கும்போதே அப்படித் தொடங்குங்கள்.

இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பீர்கள். சிறிய பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்துவிட்டு, மூன்றாம் வகுப்பில் ‘வீடு மாறினோம்’ என்று பெரிய பள்ளிக்குத் தாவுவார்கள் என்பீர்கள். தாவட்டுமே! கட்டணம் கட்டுபவர்கள் ஆண்டுதோறும் செய்வதுதானே அது? ஆனாலும் உங்கள் கவலைக்கு வழி இருக்கிறது. அரசு மறுகுடியமர்த்திய குடும்பங்களுக்கு முதலிடம் கொடுங்கள். அவர்களின் ஒதுக்கீட்டு ஆணையே போதிய சான்று. வாடகை ஒப்பந்தம்கூட வேண்டாம். அடுத்து, முகவரி மாறியதாகச் சான்று காட்டும் மற்றவர்கள். அதன் பிறகும் இடம் மிஞ்சினால், பள்ளியில் பிள்ளையைத் தனியே உட்காரவைக்கிறார்கள், உடன்பிறந்தவர் வேறு பள்ளியில் படிக்கிறார் என்பன போன்ற காரணங்களோடு வருகிறவர்கள்.

வீடே மாறாமல் இடத்தை இழப்பவர்களும் உண்டு. நர்சரி பிரைமரி பள்ளிகள் பல ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன. அங்கே குலுக்கலில் சேர்ந்த பிள்ளைக்குச் சட்டம் தருவது எட்டு வரை. பள்ளி தருவது ஐந்து வரை. மீதி மூன்று ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? விண்ணப்பத்தில் ‘இந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால்கூட எத்தனையோ பெற்றோர் வேறு பள்ளியை எழுதியிருப்பார்கள். ஆறாம் வகுப்பு மாறுதலுக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒன்றிய அரசின் மாதிரி விதிகளே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அக்கம்பக்கம் என்பதற்கு மூன்று கிலோமீட்டர் என்கின்றன.

ஒரு தகவலும் கேட்கிறேன். 2013-14இல் எல்.கே.ஜி.யில் சேர்ந்த ஆர்.டி.இ. பிள்ளைகள் 2022-23இல் எட்டாம் வகுப்பை முடித்திருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் சேர்ந்த பள்ளியிலேயே முடித்தார்கள்? எத்தனை பேர் இடையில் போனார்கள், எந்த வகுப்பில், எங்கே? மாணவர் விவரங்களைப் பதியும் உங்கள் ‘எமிஸ்’ கணினித் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. பள்ளியை விட்டுப் போனால் ஆசிரியர்கள் ‘காமன் பூல்’ என்று சொல்லும் பட்டியலுக்குப் போய், அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் தடமும் அப்படியே கணினியில் இருக்கும். மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். நான் சொல்வது ஒரு தெருவின் கதையா, மாநிலத்தின் கதையா என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்த சேர்க்கை அறிவிப்புக்கு இன்னும் காலம் இருக்கிறது. முழுத் திட்டமும் அதற்குள் முடியாது என்றால், அரசு மறுகுடியமர்த்திய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டுமாவது இந்த மாறுதலைத் தொடங்கும் ஓர் ஆணையைப் போடுங்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் குடும்பங்களின் பட்டியல் இருக்கிறது. உங்களிடம் எமிஸ் இருக்கிறது. இரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்க ஒரு வாரம் போதும். ஆணை வந்தால் விண்ணப்பம் நிரப்பும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தென்சென்னையில் மாலை வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியை